ஞானஸ்நானமும் ஞான வளர்ச்சியும்

(அரியலூரிற் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)



பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் நம்மவர் இருவர் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், நிலபுலங்களை விசாரித்தபின் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தாங்கள் எத்தனை தலைமுறையாக வேதத்தில் இருக்கிறீர்கள்?" என்பதே அது. ஐந்து என்பார் ஒருவர். எட்டு என்பார் மற்றவர். எட்டு என்றவர் சற்று நிமிர்ந்து உட்காருவார். இப்பெருமை முழுதும் பிழையென்று நாம் கூறோம். முன்னோர் காத்துத் தந்த விசுவாசத்தை நினைந்து மகிழ்தல் நன்றே. ஆயினும் வேதத்தில் இருத்தல் வேறு, வேதத்தில் வளர்தல் வேறு.

ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரிலுள்ள கல்மரத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். நம் நிலப்பகுதி கடலாயிருந்த காலத்தில், ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடற்சேற்றிற் புதையுண்ட மரம் அது. நீளம் 18 மீட்டர். 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரியாகிய எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். மரம் இருந்த இடத்தில் சிறுகச் சிறுகக் கல் புகுந்தது. வடிவம் மட்டும் அப்படியே நின்றது. தூரத்தில் நின்று காண்போர் மரமென்றே சொல்வர். எத்தனை மழை பெய்தாலும் அது தளிர்க்காது. பூசை தவறாமல், ஜெபமாலை தவறாமல் இருந்தும் உள்ளம் அவ்வாறு இறுகிப்போகக் கூடுமன்றோ?

அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பேச்சுவன்மையும் அறிவும் வரங்களும் நிரம்பியவர்கள். அப்படியிருந்தும் அவர்களைப் பால் குடிக்கும் குழந்தைகளென்றே அவர் கருதினார். அதற்கு அவர் காட்டிய காரணம் யாது? ஜெபக்குறைவன்று, பொறாமையும் கட்சிப்பிரிவுமே. ஞான வளர்ச்சிக்கு அவர் எடுத்த அளவுகோல் அது. நாம் எடுக்கும் அளவுகோலோ தலைமுறைக் கணக்கு.

இனி, நமக்கு அண்மையிலுள்ள ஏலாக்குறிச்சிக்கு வருவோம். திருக்காவலூர் என்று அதற்குப் பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, கலம்பகமும் பாடியவர் வீரமாமுனிவர். அவர் 1680-ல் இத்தாலியிற் பிறந்தவர். வேதசாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்து குருப்பட்டம் பெற்றபின், முப்பது வயதளவில் இத்தேசம் வந்தார். வந்தவர் முதலிற் செய்தது போதனையன்று. தமிழ்ப் புலவர்களிடம் அரிச்சுவடிப் பிள்ளைபோல அமர்ந்து கற்றதே. அக்காலத்து ஏடுகளில் குறில் எகர ஒகரங்களுக்கு இடவேண்டிய புள்ளியை, ஓலை கிழியுமென்று பலர் இடாது விட்டனர். ஆதலால் குறிலும் நெடிலும் ஒரே உருவாய்க் கிடந்தன. நெடிலுக்குத் தனிக்குறி அமைத்து அம்மயக்கத்தை நீக்கியவர் அவரே. கற்றோர் கண்ணுக்குப் பழகிப்போன குறை, மாணாக்கராய் உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தென்பட்டது! தேம்பாவணியின் பெருமையைப் பலரும் பேசுவர். நமக்கோ 1727-ல் அவர் உபதேசியார்களுக்கென இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் வசன நூலே இவ்விஷயத்திற்கு அதிகம் உதவுவது. ஊரைத் திருத்தப் புறப்படுமுன் உபதேசி தன் ஆத்துமத்தைச் சோதித்துத் திருத்திக்கொள்ளக் கடவன் என்பதே அதில் நாம் கண்ட சாரம்.

அச்சோதனையை நம்மீதே செய்துகொள்ள அனுமதி தாருங்கள். சில ஆண்டுகளுக்குமுன், நம் ஊர்களில் ஒன்றில், மற்றொரு தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இறந்தார். நம்மோடு ஒரே பங்கில், ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டவர். அவருடைய பாடையை நம் தெரு வழியே கல்லறைக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். வழக்கமில்லை என்று தெருமுனையில் மறித்து நின்றவர்களில் நாமும் ஒருவராயிருந்தோம். மழைநாள், வரப்பு வழியே சேற்றில் சுமந்து சென்றார்கள். அன்றிரவு நம் வீட்டுச் சிறுமி, புது நன்மைக்கு உபதேசம் படித்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, அவரும் நம்ம கோயிலில்தானே நன்மை வாங்கினார்?" என்று கேட்டாள். நாம் விடை கூறவில்லை. உறங்கப்போ என்றோம். தலைமுறைக் கணக்கெல்லாம் அப்போது நம் வாயில் வரவில்லை.

இது நம் சீமைக்கு மட்டும் உரிய நோயன்று. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயில், ஒரே பீடத்தை நோக்கிய இரு பகுதிகளாக, சாதிக்கொன்றாய் அமைந்தது. 1910-ல் கௌசானல் சுவாமி நடுத்தடுப்பை இடித்து நீக்கினார். பிரிவினை தங்கள் உரிமையென்றோர் நியாயஸ்தலம் ஏறினர். சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்றும் வெற்றி பெற்றாரல்லர். (தடுப்போடு கோயில் எழும்பியதும் குருமார் காலத்திலேதான் என்பதையும் மறைக்கலாகாது.) கற்சுவரை இடிக்க ஒரு பகல் போதும். அதன் இருபுறமும் இருந்து பழகிய உள்ளங்களுக்கு எத்தனை பகல் வேண்டுமோ!

"சங்கம் நம் குலத்தின் நன்மைக்கன்றோ? இதை இங்கே பேசலாமா?" என்று சிலர் முகஞ்சுளிப்பதை நாம் காண்கிறோம். பிள்ளைகள் கல்விக்கும் ஏழைப் பெண்கள் விவாகத்திற்கும் இச்சங்கம் செய்யும் உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. அதற்குக் கூடியது போலவே இதற்கும் கூடலாமென்றே சொல்கிறோம். பிறர் குறையைச் சொல்ல ஆயிரம் மேடையுண்டு. நம் குறையைச் சொல்ல நம் வீட்டு மேடையே தக்கது.

இன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் கடைசியாக ஒரு தீர்மானம் உள்ளது. நம் தெருக்கள் வழியே எவருடைய பாடையும் தடையின்றிக் கல்லறைக்குச் செல்லலாமென்றும், நம் வீட்டுக்கொருவர் உடன் நடப்பதென்றும் அது கூறுகிறது. சென்ற கூட்டத்தில் நேரமில்லையென்று அது ஒத்திவைக்கப்பட்டது. இன்று நேரமிருக்கிறது. நமது பேச்சை இவ்வளவில் நிறுத்தி, அதன்கீழ் முதற் கையெழுத்தை இட வருகிறோம். எழுதுகோலை இப்படிக் கொடுங்கள்.