மணல் குழிக்குப் பக்கத்தில் நிற்பவர்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி. பாரிஸ் நகரில் உலகத் தடகளப் போட்டி. பெண்களுக்கான நீளம் தாண்டுதலில் பிரான்சின் யூனிஸ் பார்பர் 6.99 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ரஷ்யாவின் தத்யானா கோத்தோவா 6.74 மீட்டர் தாண்டி இரண்டாவதாக வந்தார். 6.70 மீட்டரோடு மூன்றாம் இடத்தைப் பிடித்தவர் கேரளத்துச் சங்கனாச்சேரிப் பக்கம் சீரஞ்சிராவில் பிறந்த அஞ்சு பாபி ஜார்ஜ். உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். அடுத்த பதக்கத்துக்கு, 2022இல் நீரஜ் சோப்ரா வரும்வரை, 19 ஆண்டுகள் காத்திருந்தோம்.

அந்த வெண்கலத்தைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது அதற்குப் பிந்தைய கதையை. நம் நாட்டில் ஒரு வீரரோ வீராங்கனையோ ஓய்வு பெற்றால் ஒரு வேலை இருக்கும், ஒரு பதவி வரும், ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்துவார்கள். அவர் உடம்பால் கற்றுவைத்திருந்த வித்தை மட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வரும் பிள்ளை மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அஞ்சு விஷயத்தில் அப்படி ஆகவில்லை. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நீளம் தாண்டுதலைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது எளிதாகத் தெரியும். ஓடி வருகிறார்கள், தாவுகிறார்கள், மணலில் விழுகிறார்கள். ஆனால் போட்டியின் பெரும்பகுதி தாவுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய 40 மீட்டர் ஓட்டப்பாதை. அதன் முடிவில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. முழு வேகத்தில் வருகிறவர் குனிந்து பலகையைத் தேட முடியாது, தேடினால் வேகம் போய்விடும். கால் அந்தப் பலகையில் வந்து விழுகிற மாதிரி ஒவ்வொரு எட்டையும் முன்கூட்டியே அளந்து பழகியிருக்க வேண்டும். பலகையின் முன்விளிம்பைக் கால் தாண்டினால் ஃபவுல், அந்தத் தாவல் கணக்கிலேயே வராது. சரி, பாதுகாப்பாகக் கொஞ்சம் முன்னாடியே காலை ஊன்றிவிட்டால்? அளவை எடுப்பது எப்போதும் அந்த விளிம்பிலிருந்துதான். 10 சென்டிமீட்டர் முன்னால் ஊன்றியவருக்கு 10 சென்டிமீட்டரும் நஷ்டம்.

அதனால்தான் பெரிய போட்டிகளில் பயிற்சியாளர்கள் பலகைக்கு நேரே இருக்கும் இருக்கையைப் பிடிக்கப் பார்ப்பார்கள். தாவியவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்ததும் முதலில் திரும்புவது அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஒரு சைகை வரும்: அரை அடி பின்னால் வை. வீராங்கனை போய், ஓட்டம் தொடங்கும் இடத்தில் தான் ஒட்டிவைத்த டேப்பை நகர்த்திவிட்டு வருவார். காற்று எதிரே அடித்தால் ஒரு கணக்கு, பின்னாலிருந்து தள்ளினால் வேறு கணக்கு. ஆறு தாவல்களுக்குள் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்.

அஞ்சுவுக்கு அந்த இருக்கையில் இருந்தவர் அவர் கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ். மும்முறைத் தாண்டுதலில் தேசிய சாம்பியனாக இருந்தவர். பொறியியல் படித்தவர். வாலிபால் மேதை ஜிம்மி ஜார்ஜின் தம்பி. தன் தாண்டுதலை நிறுத்திவிட்டு மனைவிக்குப் பயிற்சியாளரானார். பெண்கள் கணவருக்காக விளையாட்டை விட்ட கதைகள் நம்மிடம் ஏராளம். இது அதற்கு நேர்மாறான கதை என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

அஞ்சு சிறு வயதில் கோருத்தோடு பள்ளியில் கே. பி. தாமஸ் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர். ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் தொடங்கிப் பிறகு தாண்டுதலுக்கு வந்தார். 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம், அதே ஆண்டு பூசான் ஆசியப் போட்டியில் தங்கம். பாரிசுக்கு முன்பு அமெரிக்கா போய், 8.95 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த மைக் பவலிடம் பயிற்சி பெற்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டினார். அவர் வாழ்நாளின் சிறந்த தாவல் அது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆறாம் இடம். மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி இழந்தபின் அது ஐந்தாம் இடமானது.

2005இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப்போட்டியில் அஞ்சுவுக்கு வெள்ளி. தங்கம் வாங்கியவர் அதே கோத்தோவா. பல ஆண்டுகள் கழித்து, கோத்தோவாவின் பழைய மாதிரியை மறுபடி சோதித்தபோது ஊக்கமருந்து அகப்பட்டது. அஞ்சுவின் வெள்ளி 2014இல் தங்கமாக மாறியது. அரங்கம் இல்லை, மேடை இல்லை, தேசிய கீதம் இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

2020 டிசம்பரில் அவரே வெளியிட்ட செய்தி பலரைத் திகைக்கவைத்தது. தனக்கு இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். வலி மாத்திரை கூட ஒத்துக்கொள்ளாது. தாவும்போது ஊன்றுகிற கால் பாதிக்கப்பட்ட கால். இத்தனையோடும் உலகத் தரத்துக்கு வந்தேன் என்று எழுதி, அந்தப் பெருமையைத் தன் பயிற்சியாளருக்குக் கொடுத்திருந்தார். தன் உடம்பின் குறைகளைச் சுற்றியே பயிற்சியை அமைத்துக்கொண்டு வென்ற ஒருவருக்கு, இன்னொரு பெண்ணின் உடம்பைப் பார்த்தாலே பல விஷயங்கள் விளங்கும்.

2016இல் கேரள விளையாட்டுக் கவுன்சில் தலைவர் பதவியிலிருந்து அஞ்சு விலகினார். பெங்களூரில் அவரும் பாபியும் இளம் பெண்களுக்கான பயிற்சியகத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மைதானத்தில் நின்று தினசரிப் பயிற்சியை நடத்துபவர் பாபி. சர்வதேச மேடையில் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் நேரும் என்பதை அனுபவித்துத் தெரிந்தவராக அருகில் இருந்து வழிகாட்டுபவர் அஞ்சு. இருவரும் சேர்ந்துதான் ஒரு முழுப் பயிற்சியாளர் என்பேன்.

அவர்கள் கண்ணில் பட்டவர் உத்தரப் பிரதேசத்து ஜான்சியைச் சேர்ந்த ஷைலி சிங். தையல் வேலை செய்து ஒற்றை ஆளாகப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகள். தேசிய இளையோர் போட்டியில் பதக்க வரிசையில் கூட அந்தச் சிறுமி இல்லை. அந்த வயதில் எத்தனை மீட்டர் தாண்டினாள் என்பதை விட, எப்படி ஓடி வருகிறாள், தரையில் பட்ட கால் எப்படித் துள்ளுகிறது என்பதுதான் முக்கியம். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் குறைவு. ஷைலி பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்.

2021 ஆகஸ்டில் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. ஷைலிக்கு அப்போது 17 வயது. 6.59 மீட்டர் தாண்டினார். சுவீடனின் மாயா ஓஸ்காக் 6.60. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்! தங்கம் வென்றால் அரங்கில் நம் தேசிய கீதம் ஒலிக்கும் என்று அம்மா சொல்லியிருந்தார், அது நடக்கவில்லையே என்று அந்தப் பெண் வருந்தினாள். அந்த வருத்தம் எப்படிப்பட்டது என்பதை மொனாக்கோவில் தங்கத்தைப் பறிகொடுத்த அஞ்சுவிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் உலகத் தடகள அமைப்பு, ஆண்டின் சிறந்த பெண்மணி என்ற விருதை அஞ்சுவுக்கு வழங்கியது. அவர் தாண்டிய தூரத்துக்காக வந்த விருது இல்லை அது. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியகம் நடத்தியதற்கும், விளையாட்டில் பெண்களுக்குச் சம இடம் கேட்டுப் பேசியதற்கும் வந்தது.

2023இல் பெங்களூரில் ஷைலி 6.76 மீட்டர் தாண்டினார். அஞ்சுவின் தேசிய சாதனைக்கு இன்னும் 7 சென்டிமீட்டர்தான் பாக்கி. அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் கேரளத்தின் ஆன்சி சோஜன் 6.63 மீட்டரோடு வெள்ளி வென்றார், ஷைலி 6.48 மீட்டரோடு ஐந்தாவதாக வந்தார். அன்று முதலிடம் ஷைலிக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பாரிசில் அஞ்சு தனி ஆளாக நின்ற இடத்தில், ஆசிய இறுதிப்போட்டி ஒன்றில் இரண்டு இந்தியப் பெண்கள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தார்கள். தன் 6.83 சாதனையை ஷைலி முறியடிப்பார் என்று அஞ்சு வெளிப்படையாகவே சொல்லிவருகிறார்.