பேரேட்டில் ஏறாத அடி
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

குற்றங்களைக் குறைப்பதில் உள்ளூர்க் காவல்துறையின் பங்கு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். போலீஸ் குற்றத்தைக் குறைக்கிறது, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. எப்படிக் குறைக்கிறது என்பதுதான் விஷயம்.

கவிஞன் என்று அழைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு என் குமாஸ்தா புத்திதான் உதவும். வங்கியில் பேரேட்டில் ஏறாத பணம் பணமே அல்ல. ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கையில் ஏறாத அடி அடியே அல்ல. நாங்கள் டோக்கன் கொடுத்தால் பணமும் கொடுத்தாக வேண்டும். ஸ்டேஷனில் டோக்கனோடு முடித்துவிடுகிறார்கள். அந்த டோக்கனுக்குப் பெயர் சி.எஸ்.ஆர். ரசீது. முழுப்பெயர் கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்! (எந்தக் கம்யூனிட்டிக்கு சர்வீஸ் என்று கேட்கக்கூடாது.) சர்டிபிகேட் தொலைந்தது என்று போகிறவனுக்கு அது சரி. மண்டை உடைந்து போகிறவனுக்கும் அதே சீட்டைக் கிழித்துக் கொடுத்தால்? எஃப்.ஐ.ஆர். போட்டால் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும், மேலே கணக்குக் காட்ட வேண்டும். சி.எஸ்.ஆர். ஸ்டேஷன் அலமாரியைத் தாண்டாது. வருடக் கடைசியில் அந்தச் சரகத்தில் வன்கொடுமை குறைந்துவிடும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஊர்த்தெரு வழியாக வண்டி ஓட்டிப் போனதற்காக அடிபட்டான். அவனுடன் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க படிச்சவங்க, பேங்க்ல இருக்கீங்க. கேஸுன்னு போனா அவங்களும் ஒரு கேஸ் குடுப்பாங்க. பையன் வாழ்க்கை வீணாயிடும். பேசி முடிச்சுக்கலாம்." வெளியே வேப்பமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அவர்களுக்கு யார் சொல்லி அனுப்பியது? பையனின் அம்மாதான் ரைட்டரிடம் கேட்டாள்: "எம்புள்ள தலையில ஏழு தையல் போட்டிருக்கு. அத எப்படிங்க பேசி முடிக்கிறது?"

எதிர்க்கேஸ் என்பது சும்மா மிரட்டல் இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அவன் தலித், அவள் வன்னியர். கல்யாணம் செய்துகொண்டது குற்றம். தகப்பனின் புகாரை ஸ்டேஷன் வாங்கவில்லை. பிறகு போட்ட வழக்கில் செத்தவன் தரப்பு ஆட்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. சி.பி.ஐ. வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2021இல் தீர்ப்பு வந்தபோது தண்டிக்கப்பட்டவர்களில் இரண்டு போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருபத்திரண்டு வருடம்!

மக்களோடு இணைந்த காவல் என்றும் சொல்கிறார்கள். 1993இல் ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார்கள். சாத்தான்குளம் மரணங்களுக்குப் பிறகு, 2020 ஜூலையில் அரசே அதைத் தடை செய்தது. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கிற இடத்தில் போலீஸுக்கு நண்பனாக யார் வந்து நிற்பான்? இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

மாணவத் தோழர்கள் சிலதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதுக்குரிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில், 2024 ஜூலை முதல், சிலவகைக் குற்றங்களுக்கு 14 நாள் பூர்வாங்க விசாரணை என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி அலைக்கழிப்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அந்தச் சந்து கிடையாது. 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு, பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. அந்தப் பிரிவும் சும்மா வந்ததில்லை. அந்த வருடம் மார்ச்சில் வந்த தீர்ப்பை எதிர்த்து ஏப்ரல் 2இல் நடந்த பாரத் பந்த்தில் உயிர்கள் போயின.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். நிவாரணத் தொகையும் எஃப்.ஐ.ஆரில்தான் தொடங்குகிறது. சி.எஸ்.ஆரை வைத்துக்கொண்டு ஒரு பைசா வாங்க முடியாது.

முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் காயத்தைப் பதிவு செய்யுங்கள். ஸ்டேஷன் வாங்க மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், அதில் தேதி இருக்கிறது.