உட்கார்ந்திருத்தலும் மூளையின் நலமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியாலும் உத்தியோகத்தாலும் நம் சமூகத்தார் அடைந்துள்ள மேன்மையைப் பலர் இம்மேடையில் எடுத்துரைத்துள்ளனர். யாம் இன்று பேசப் புகுவது அம்மேன்மைக்குள்ளேயே மறைந்து வளரும் ஒரு கேட்டினைக் குறித்ததாகும். நம்மவருட் பெரும்பாலோர் கணக்கெழுதியும், கடையில் அமர்ந்தும், கணிப்பொறியின் முன்னிருந்தும் பொருளீட்டுவோர். உழைப்பது மூளையாயிருக்க, உடல் சும்மா இருந்தாலென்ன என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. சுவரிருந்தாற்றான் சித்திரம் என்பதை நாம் அறிவோம். ஆயினும், உடலைச் சுவரென்றும் மூளையைச் சித்திரமென்றும் பிரித்துவிட்டோம். மூளையும் அச்சுவரின் ஒரு பகுதியே என்பதை மறந்தோம்.

மூளையின் நிறை உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கேயாம். எனினும், உடல் ஓய்ந்திருக்கும்போதும் அது கொள்ளும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கை மூளையே செலவிடுகின்றது. அதனைக் கொண்டு சேர்ப்பது இரத்தம். 2018-ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்து லிவர்பூல் நகரில், மேசை வேலை செய்வோர் சிலரை நான்கு மணி நேரம் இடைவிடாது உட்கார வைத்துச் சோதித்தனர். மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைந்தது. அவர்களே அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிஷம் நடந்தபோது அங்ஙனம் குறையவில்லை.

ஞாபகசக்திக்குரிய மூளைப் பகுதி முதுமையிற் சிறுத்துக்கொண்டே போவது இயல்பு. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், முதியோர் 120 பேரில் ஒரு பாதியார் வாரம் மூன்று நாள் விரைந்து நடந்தனர். மறுபாதியார் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தனர். ஓராண்டு முடிவில், நடந்தோர்க்கு அப்பகுதி நூற்றுக்கு 2 பங்கு வளர்ந்திருந்தது, மற்றோர்க்கு 1.4 பங்கு சுருங்கியிருந்தது. ஒரு சோதனையையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. எனினும், மறதி நோய்க்குக் காரணமாய், நாம் முயன்றால் விலக்கத்தக்கனவாய் உள்ளவற்றுள் உடலுழைப்பின்மையும் ஒன்றென 2024-இல் லான்செட் மருத்துவக் குழுவினர் கூறியுள்ளனர்.

இருதயத்தின் செய்தியோ பழையது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் லண்டன் பஸ்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1953-இல் வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாயிருக்கக் கண்டார். அசையாத தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஏற்பதும் குறைவு. 2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர். அந்நோய் இரத்தக் குழாய்களைக் கெடுத்து முடிவில் மூளையையும் தாக்குகின்றது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். நம் முன்னோர் தேகாப்பியாசம் என்று தனியே ஒன்றைத் தேடவில்லை. ஸ்ரீரங்கத்தில் விடியுமுன் காவிரிக்கு நடந்து நீராடினர்; உத்தர வீதியும் சித்திரை வீதியும் சுற்றி வந்தனர்; திருச்சியில் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளேறி உச்சிப்பிள்ளையாரைத் தொழுதனர். இன்று அம்மாமண்டபத்திற்கும் மோட்டார் சைக்கிளிற் செல்கின்றோம். பெண்டிர் அம்மியும் உரலும் குடமும் சுமந்த பாடு ஒழிந்தது. அது முதுகொடித்த வேலை, ஒழிந்தது நன்றே. ஆனால் அவ்வுழைப்புப் போன இடத்தில் வேறொன்றும் வரவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நம் தேசத்து வயதுவந்தோரிற் போதிய உடலியக்கமில்லாதார் ஆடவரில் நூற்றுக்கு 42 பேர். பெண்டிரில் 57 பேர். ஆடவர் மாலையில் வெளியே செல்லலாம். மருமகள் தனியே நடக்கச் சென்றால் ஏனென்று கேட்கின்றோம். இக்கேள்வியே அவளுக்கு நோயாகின்றது.

பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பரீட்சை ஆண்டு வந்ததும் நாம் முதலில் நிறுத்துவது விளையாட்டை. பள்ளி, அதன்பின் பயிற்சி வகுப்பு, இரவில் பாடம் என்று அவர்களை நாற்காலியோடு பிணைக்கின்றோம். ஐந்து முதல் பதினேழு வயதினர்க்கு நாள்தோறும் 60 நிமிஷ உடலியக்கம் வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. மூளையை வளர்ப்பதாக எண்ணி, அதற்கு வேண்டிய இரத்தவோட்டத்தை நாமே தடுக்கலாமா?

பெரியோர்க்கு அந்த ஸ்தாபனம் விதிப்பது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேர விரைந்த நடை போதும். பொழுதில்லை என்போர் கைப்பேசிக்கு அளிக்கும் பொழுதை எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, உபகாரச் சம்பளம் பெறும் மாணவர் மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுதலை நிபந்தனையாக்குக. இரண்டாவது, நம் பெண்டிர் குழுவாய்ச் சித்திரை வீதிகளில் நாள்தோறும் உலாவ ஏற்பாடு செய்க. கூட்டமாய்ச் செல்வோரை யாரும் ஏனென்று கேளார். மூன்றாவது, கடையும் அலுவலகமும் நடத்துவோர், தம்மிடம் வேலை செய்வோர் அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்பதைச் சோம்பலெனக் கருதாதிருக்க. முதியோரும் இருதய நோயுடையோரும் மலைக்கோட்டை ஏறத் துணியுமுன் மருத்துவரைக் கேட்டல் நலம்.

நிலமும் வீடும் பிள்ளைகளுக்கு வைத்துப் போகின்றோம். அவர்தம் பெயரையே மறந்து கிடக்கும் முதுமையையும் உடன் வைத்துப் போகாதிருப்போமாக.