கேலிப்படம் யார் பக்கம்?

தோழர்களே!

கரிசல் காட்டில் பகலெல்லாம் பாடுபட்டவர்களும், கோவில்பட்டி மில்லில் ஷிப்டு முடித்து வந்தவர்களும் இளையரசனேந்தலில் கூடியிருக்கிறீர்கள். பத்திரிகை கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது கேலிப்படத்தைத்தான். எழுத்தறியாத தாய்மார்களும் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். ஆகவேதான் ஆளும் கூட்டம் அதைக் கண்டு அஞ்சுகிறது. முடிந்தால் விலைக்கு வாங்குகிறது. முடியாவிட்டால் விலங்கு மாட்டுகிறது.

18-ம் நூற்றாண்டு லண்டனைப் பாருங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கேலிப்படங்களைக் கடை ஜன்னலில் மாட்டி வைப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் சீமான்கள். தெருவில் நின்று பார்த்துச் சிரித்தவர்கள் சாமானிய ஜனங்கள். அந்தக் கலையில் தலைசிறந்தவர் ஜேம்ஸ் கில்ரே. நம் நாட்டைக் கொள்ளையடித்த கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788-ல் பார்லிமெண்டில் விசாரணை தொடங்கியது. அப்போது கில்ரே ஒரு படம் போட்டார். இந்தியர்களின் பிணங்கள் மிதக்கும் இரத்தக் கடல்; அதில் கால் நனையாமல் ஹேஸ்டிங்ஸ் பணமூட்டைகளுடன் கடக்கிறார்; அவரைத் தோளில் சுமப்பவர் இங்கிலாந்தின் பெரிய நீதிபதி தர்லோ! 1795-ல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். படம் சொன்ன உண்மையோ நிலைத்துவிட்டது.

ஆனால் அதே கில்ரேக்கு 1797 முதல் பிரதமர் பிட்டின் சர்க்கார் ஆண்டுக்கு 200 பவுன் இரகசிய உதவிப்பணம் கொடுத்தது. அதன்பின் அவரது ஊசி பிட்டின் எதிரிகளையும், பிரெஞ்சுப் புரட்சிக்கு அனுதாபம் காட்டியவர்களையுமே அதிகம் குத்தியது. கை அதே கை. கூலி கொடுத்தவன் வேறு!

விலை போகாத பத்திரிகையும் உண்டு. நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் கேலிப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகை உலகில் அதற்கு வழி திறந்தவர் அவரே. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துணை நின்ற வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் வெள்ளை ஆட்சி சிறையில் தள்ளியது. அதே ஆண்டில் 'இந்தியா'வின் மீதும் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராக இருந்த சீனிவாசனுக்கு 5 ஆண்டு தண்டனை. பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையை நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதைத் தடை செய்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்றது.

வெள்ளையன் போனதும் இந்த அச்சம் போய்விட்டதா? 2017 அக்டோபரில், நமது நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்டார். பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை. அதைக் கண்டு கொதித்து, முதலமைச்சரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் கேலிப்படமாக வரைந்தார் பாலா. நவம்பர் 5-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஜாமீனில் வந்தார். மனுவுக்கு அசையாத சர்க்கார் படத்துக்கு எவ்வளவு வேகமாக அசைந்தது பார்த்தீர்களா?

தோழர்களே! முதலாளியின் பத்திரிகையிலும் படம் வரும், சிரிப்பும் வரும். சிரிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: இந்தப் படத்தில் அடிபடுகிறவன் யார்? வேலைநிறுத்தம் செய்தவனா, வட்டிக்காரனா? நமக்காகப் பேசும் படம் நமது காசில்தான் அச்சாக வேண்டும். நமது பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். படத்தைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டுங்கள், ஊர் பார்க்கட்டும்!