தீவிர சிகிச்சைப் பிரிவில் அம்மாவுக்கு ஒரு கட்டில்



தலைநகரில் பச்சிளங்குழந்தை மருத்துவத்தைப் பற்றி நாள் முழுக்கத் தமிழில் பேசுவது என்று துணிந்து, அதற்குத் தலைமை தாங்க என்னை அழைத்த அன்பர்களுக்கு என் நன்றி. முன்வரிசையில் பேராசிரியர்களைப் பார்க்கிறேன். பின்னால், இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருக்கும் ரெசிடென்ட்டுகள். இரு பக்கமும் செவிலியர்கள். எண்ணிப் பார்த்தால் மருத்துவர்களைவிடச் செவிலியர்களே அதிகம் இருப்பார்கள். அதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அவர்களைப் பற்றியும் தாய்மார்களைப் பற்றியும்தான்.

நிகழ்ச்சி நிரலில் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை ஓர் அமர்வு, சிறப்பு மருத்துவர் பயிற்சி இன்னோர் அமர்வு. என்னால் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தில்லியின் பெரிய மருத்துவமனைகள் சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இத்துறையில் உலகமே கவனித்த சில உண்மைகளைக் கண்டு சொல்லியிருக்கின்றன. அந்த உண்மைகள் இந்த ஊரிலேயே படித்துத் தேறும், டி.எம். என்னும் உயர்சிறப்புப் பட்ட மாணவர் ஒருவரின் பயிற்சிக்குள் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கின்றன என்று கேட்க விரும்புகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் எய்ம்ஸ் உருவானபோது, நோயாளிகளைப் பார்ப்பதோடு நாட்டுக்கு மருத்துவ ஆசிரியர்களை உருவாக்கித் தருவதும் அதன் கடமையாக எழுதப்பட்டது. பிறந்த குழந்தைக்கென்று தனிப் பிரிவு, தனிப் படிப்பு என்பதெல்லாம் அன்று இந்தியாவில் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காதவை. பேராசிரியர் மெஹர்பான் சிங் போன்றவர்கள் அதற்கு வழி வகுத்தார்கள். 1980இல் தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் பிறந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சண்டிகரில் டி.எம். படிப்பு தொடங்கியது, பிறகு எய்ம்ஸிலும் வந்தது. வினோத் பால், அசோக் தேவராரி ஆகியோர் காலத்தில் எய்ம்ஸ் பிரிவு உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாயிற்று. அங்கே எழுதிய சிகிச்சை நெறிமுறைகளை இன்று மதுரையிலும் பாட்னாவிலும் ரெசிடென்ட்டுகள் புரட்டிப் பார்க்கிறார்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, டி.எம். இன்னும் மூன்று என்று பதினொன்றரை ஆண்டு படித்து வெளிவரும் மருத்துவர் இன்று நம்மிடையே இருக்கிறார் என்றால், அந்த முன்னோடிகளின் உழைப்பே காரணம்.

அப்படி வெளிவரும் மருத்துவரின் திறமை எதில் தெரிகிறது? பலரும் வென்டிலேட்டரைச் சொல்வார்கள். நான், மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சீபாப் கருவியைப் பொருத்தும் நேரத்தைச் சொல்வேன். 900 கிராம் குழந்தை. அதன் மூக்குத் துவாரங்களுக்குள் இரண்டு சிறு குழாய்கள் உட்கார வேண்டும். குழாய் சற்றுத் தளர்ந்தால் அழுத்தம் வெளியேறிவிடும், நீர்ப்புட்டியில் குமிழ் நின்றுவிடும். சற்று இறுகினால் நடுமூக்கின் தோல் முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும், இரண்டு நாளில் புண்ணாகும். தொப்பியின் அளவு, கழுத்துக்கடியில் வைக்கும் துணிச்சுருள், வாயும் மூக்கும் ஈரமாக இருப்பது எல்லாமே கணக்கு. இதைப் பொருத்த உத்தரவு எழுதுபவர் மருத்துவர். மணிக்கு மணி எட்டிப் பார்த்து, அரை மில்லிமீட்டர் தளர்த்தி, மறுபடி குமிழ் வரச் செய்பவர் சிஸ்டர். இரவு மூன்று மணிக்கு அந்த மூக்கு பிழைத்ததா என்பது யார் டி.எம். முடித்தார் என்பதைப் பொறுத்தது அன்று. ஒரு செவிலியர் கையில் எத்தனை குழந்தைகள் என்பதைப் பொறுத்தது. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறோம். நம் அரசு மருத்துவமனைகளின் இரவு ஷிஃப்ட் பட்டியலை இங்குள்ள சிஸ்டர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி, தில்லி கண்ட உண்மைகளுக்கு வருகிறேன்.

முதலாவது கசப்பானது. 2011 முதல் 2014 வரை எய்ம்ஸ், சப்தர்ஜங், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றையும் சேர்ந்த பிரிவுகள் இணைந்து பிறந்த குழந்தைகளின் தொற்றை ஆராய்ந்தன. 2016இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. அதே மருத்துவமனைகளில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் செப்சிஸ் என்னும் கடும் தொற்று. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்துக்குள். இறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் சாவுக்குச் செப்சிஸே காரணம். கல்ச்சரில் வளர்ந்தவை முதன்மையாக அசினிடோபேக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை. அசினிடோபேக்டரில் பெரும்பகுதி பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது.

முதல் மூன்று நாளில் பிடித்த கிருமிகளும் பிறகு பிடித்த கிருமிகளும் கிட்டத்தட்ட ஒரே கூட்டம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பாடப்புத்தகம் சொல்வது வேறு. முதல் நாள்களில் வரும் தொற்று தாயிடமிருந்து, பிந்தி வருவது மருத்துவமனையிலிருந்து என்று நாம் படித்தோம். இங்கே பிரசவ அறையிலேயே மருத்துவமனைக் கிருமி காத்திருந்து குழந்தையை வரவேற்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. இதற்கு மருந்துக் கடையில் தீர்வு இல்லை. கை கழுவுதல், உறிஞ்சு கருவிகளின் தூய்மை, தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கை 48 மணி நேரத்தில் கல்ச்சர் பார்த்து நிறுத்தும் துணிவு, இவைதான் தீர்வு. மெரோபெனம் போன்ற வலிமையான ஆன்டிபயாட்டிக்கை எழுதக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். எழுதாமல் இருக்கக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு டி.எம். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்ணெதிரே செய்துகாட்டும் கன்சல்டன்ட் ரவுண்ட்ஸில் இருந்தால் போதும் என்பேன்.

இரண்டாவது உண்மை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் தட்டுப்பாட்டால், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டினார். கங்காரு பராமரிப்பு என்று நாமெல்லாம் சொல்வது அதைத்தான். நாற்பது ஆண்டுகளாக அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தொடங்கலாம். ஆனால் சாவில் பெரும்பகுதி சீராவதற்கு முந்தைய நாள்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அப்படியானால் பிறந்தவுடனே தொடங்கினால் என்ன? கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் தலா ஒரு மருத்துவமனை, இந்தியாவில் நமது சப்தர்ஜங், ஆக ஐந்து இடங்களில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 28 நாள்களுக்குள் இறப்பு, வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு; உடனே தாயோடு சேர்த்த குழந்தைகளில் 12 விழுக்காடு. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது.

இதைச் செய்ய சப்தர்ஜங்கில் என்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். புது மருந்து எதுவும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. அம்மா நேற்றுப் பிரசவித்தவள். சிசேரியன் தையல் இருக்கும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அவளுக்குச் சாப்பாடு வேண்டும், கழிவறை வேண்டும். மகப்பேறு வார்டு ஒரு துறையின் கீழ், குழந்தைகள் பிரிவு இன்னொரு துறையின் கீழ். தாயின் கேஸ் ஷீட்டும் குழந்தையின் கேஸ் ஷீட்டும் ஒரே அறையில் இருக்க வேண்டுமானால் இரண்டு துறைத் தலைவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும், இரு துறைச் செவிலியர்களும் ஒருவர் வேலையை மற்றவர் கற்க வேண்டும். அதைச் செய்து முடித்தார்கள். அந்த ஆய்வில் தாயோடு சேர்த்த குழந்தைகள், தீவிர சிகிச்சையில் இருந்த நாள்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அம்மாவின் அல்லது உறவினரின் மார்பில் இருந்தார்கள். சீபாப் குழாயோடு, ட்ரிப்போடு, மானிட்டர் ஒயர்களோடு. செப்சிஸும் குறைந்தது, உடல் குளிர்ந்துபோவதும் குறைந்தது. ஜனவரி மூடுபனியில் காசியாபாத்திலிருந்தும் நொய்டாவிலிருந்தும் பஞ்சில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவரப்படும் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கடைசிச் செய்தியின் மதிப்புப் புரியும்.

மூன்றாவதாக, ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை. அங்கே குழந்தையின் பெற்றோருக்கு வீடியோ காட்டி, கை கழுவக் கற்றுக்கொடுத்து, பாலாடையில் பால் புகட்டவும் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்ளவும் பழக்கி, உள்ளே அனுமதித்தார்கள். கிருமி உள்ளே வந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. ஆய்வு செய்து பார்த்ததில் தொற்று கூடவில்லை, தாய்ப்பால் கூடியது. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாக வெளியிட்டது. லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் தாய்ப்பால் வங்கி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். எனினும் இன்றும் எத்தனை மருத்துவமனைகளின் வாசலில் தகப்பன்மார் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. தில்லியின் மிக உயர்ந்த மருத்துவக் கூடங்கள் கண்டுபிடித்தவை எல்லாமே, மிகச் சாதாரணக் கைகளின் வேலையைப் பற்றியவை. ஆகவே சிறப்பு மருத்துவரின் முதற்கடமை, அந்தக் கைகளைத் தேர்ச்சி பெற்ற கைகளாக ஆக்குவது. நாம் பயிற்சி தருவது இதற்காகவா?

அந்தக் கைகளால் எவ்வளவு ஆகும் என்பதை எண்களே சொல்கின்றன. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில், உயிரோடு பிறக்கும் ஆயிரத்தில் 28 நாள்களுக்குள் இறப்பவை, நாட்டில் 20, தில்லியிலும் தமிழ்நாட்டிலும் 9, கேரளத்தில் 4, உத்தரப் பிரதேசத்தில் 28. தமிழ்நாட்டின் ஒன்பதுக்கு நம் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு, மூன்று செவிலியர்களை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு. கிராமச் செவிலியர்களுக்கு. இதை நான் தமிழன் என்பதால் பெருமைக்குச் சொல்லவில்லை. வடக்கே சுகாதாரத் துறை நண்பர்களிடம் இதையேதான் சொல்கிறேன். 2014இல் வகுத்த இந்தியப் பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம் 2030க்குள் நாடே ஒற்றை இலக்கத்துக்கு வர வேண்டும் என்கிறது. அது எய்ம்ஸின் படுக்கைகளால் நிறைவேறாது. 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தொடங்கி, இன்று நாடெங்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் இயங்கும் எஸ்.என்.சி.யூ. என்னும் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகளில்தான் அது நிறைவேற வேண்டும்.

பயிற்சியில்லாத இடத்தில் கருவிகள் மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. ஆக்சிஜன் அளவைக் கவனிக்காமல் கொடுத்ததால் பிழைத்த குழந்தை பார்வையிழக்கும் அவலம் ஒன்று. நெறிமுறை தெரிந்தவர்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரையைச் சோதிக்க அனுப்புகிறார்கள். தெரியாத இடங்களிலிருந்து காலம் கடந்து கண் மருத்துவரிடம் வருகிறார்கள். இன்னொன்று, 2024 மே 25 இரவு விவேக் விஹாரில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனை எரிந்து பச்சிளங்குழந்தைகள் மாண்டது. உரிமம் காலாவதியாகியிருந்தது என்றும், பணியில் இருந்த மருத்துவர் ஆயுர்வேதப் பட்டதாரி என்றும் காவல்துறை சொன்னது. அந்தப் பெற்றோர் எந்தத் தகுதியைப் பார்த்து அங்கே போயிருக்க முடியும்? வெளியே போர்டில் என்.ஐ.சி.யூ. என்று எழுதியிருந்தால் போதும் என்றுதானே நம் மக்கள் நம்புகிறார்கள். அரசு மருத்துவமனையில் இடம் கிடைக்காதவர்கள் வேறெங்கே போவார்கள்?

ஆகவே இந்த அவை விவாதிக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. டி.எம். மாணவருக்கும் அது வேண்டும். மூன்று மாதம் போதாது, ஆறு மாதம் வேண்டும். வென்டிலேட்டர் இல்லாத எஸ்.என்.சி.யூ.வில், இரண்டு செவிலியர்களோடு, எந்தக் குழந்தையை வைத்துப் பார்ப்பது, எதை உடனே அனுப்புவது என்று தீர்மானிக்கும் இரவுகளை அவர் அறிய வேண்டும். அடுத்து, பச்சிளங்குழந்தைச் செவிலியர் பணியைத் தனிப் பிரிவாக்க வேண்டும். பல ஆண்டு பழகிய சிஸ்டரை ஒரு சுற்றறிக்கையில் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றுவது போன்ற இழப்பு நம் துறைக்கு வேறில்லை. மூன்றாவது, இறுதித் தேர்வில், குழந்தையின் நிலையைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வதற்கு மதிப்பெண் வேண்டும். தில்லியில் பிஹாரிலிருந்து வந்த தாய்க்கும் தேனியிலிருந்து வந்த தாய்க்கும் ஒரே கேள்விதான்: "பிழைச்சுக்குமா?" அதற்கு நேர்மையாகவும் கனிவாகவும் பதில் சொல்லத் தெரியாதவருக்கு டி.எம். பட்டம் தரலாமா என்பதையும் பயிற்சி பற்றிய அமர்வில் பேசுங்கள்.

மாலைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானங்களாக எழுதி தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் தில்லி அரசின் சுகாதாரத் துறைக்கும் அனுப்ப அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். திருத்தங்களை இடைவேளைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பவர் ஒரு செவிலியர். சீபாப் குழந்தைகளின் மூக்குப் புண்ணைத் தடுத்த அனுபவத்தைச் சொல்லப்போகிறார். அவரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.