சொல்லைப் பூட்டினர், படம் பேசிற்று!

போர் என்றதும் நம் மனக்கண்முன் எழுவன பீரங்கியும் விமானமும், தளபதிகளின் மார்பிலே தொங்கும் பதக்கங்களும்! குண்டுக்கு இரையாகாமல், குவளைக் கஞ்சியின்றி மாண்டானே கிராமத்தான், அவனை யார் கண்டார்? அவனைக் காட்டிய புகைப்படங்களைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி வரவு நின்றது. ஜப்பானியர் வங்கக் கரையில் இறங்கிவிடுவரோ என்று அஞ்சியது வெள்ளையர் ஆட்சி. கரையோர மாவட்டங்களிலே, பத்துப் பேருக்குமேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தது, பலவற்றை அழித்தது. ஆறுகளே பாதைகளாக உள்ள நாட்டில் படகைப் பறிப்பதென்றால் என்ன பொருள்? மீனவனுக்குத் தொழில் இல்லை. உழவனுக்கு அக்கரை வயல் இல்லை. குயவனுக்குச் சந்தை இல்லை! அவ்வாண்டு அக்டோபரில் மிட்னாப்பூரைப் புயல் சூறையாடிற்று. அரிசி விலை ஏறிற்று, பதுக்கல்காரன் கொழுத்தான், கூலி மட்டும் ஏறவில்லை.

1943இல் கிராமங்கள் கல்கத்தாவை நோக்கி நடந்தன, நடைபாதைகளிலே வீழ்ந்தன. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால், பஞ்ச விதிகளின்படி நிவாரணம் அளித்தாக வேண்டும். ஆகவே ஆட்சியாளர் அறிவிக்கவேயில்லை! சொல்லைப் பூட்டி வைத்தால் சாவும் சிறைப்பட்டுவிடும் என்று எண்ணினர் போலும்!

அந்தப் பூட்டை உடைத்தது எது? வாள் அல்ல, வழக்கு அல்ல, படம்! 1943 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. 'ஸ்டேட்ஸ்மென்' ஏட்டின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், கல்கத்தா வீதிகளிலே பசியால் சாய்ந்து கிடந்தோரின் படங்களை வெளியிட்டார். அவரும் ஆங்கிலேயர், ஏடும் ஆங்கிலேயருக்குச் சொந்தமானது. எனினும் உண்மை வென்றது! மறைத்ததை உலகம் கண்டது.

வீதியில் வீழ்ந்தவன் எந்த ஊரிலிருந்து வந்தான்? அந்த ஊரைத் தேடிச் சென்றார் மற்றோர் இளைஞர். சுனில் ஜானா, வயது 25, ஆங்கில இலக்கிய மாணவர். பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளர் பி. சி. ஜோஷி அழைத்தார், படிப்பை விட்டார், காமிராவுடன் புறப்பட்டார். அவர் கட்சி அப்போது போரை ஆதரித்து நின்றது. ஆதரித்த போரின் நிழலிலே மக்கள் மடிவதை அது மறைத்திருக்கலாமன்றோ? மறைக்கவில்லை! 'பீப்பிள்ஸ் வார்' ஏட்டிலே அவர் படங்கள் வெளிவந்தன: உணவுக்குக் காத்திருந்த அனாதைக் குழந்தைகள், புதைப்பாரற்றுக் கிடந்த எலும்புகள்! உடன் சென்ற ஓவியர் சித்தபிரசாத், மிட்னாப்பூரில் தாம் கண்டதை வரைந்து நூலாக்கினார். ஆட்சி அந்நூற்படிகளைப் பறித்து எரித்தது. கோட்டோவியத்துக்கும் அஞ்சிய கோலோச்சிகள்!

"சாகக் கிடப்பவன் முன்னே காமிராவை நீட்டுவதா? ஒரு பிடி சோறு நீட்டலாகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஒரு பிடி சோறு ஒருவனுக்கு ஒரு வேளை. ஆயிரம் பிடி சோறு வேண்டுமெனில், ஆயிரம் பேர் பசித்திருப்பதை நம்பாதவன் நம்பியாக வேண்டும். நம்ப வைத்தது படம். ஆனால் ஒன்று: எடுத்த படத்தை மக்களிடம் சேர்க்காதவனுக்கு அந்த விடை சொல்லும் உரிமை இல்லை!

மாண்டவர் எத்தனை பேர்? 1945இல் அரசின் விசாரணைக் குழு சொன்னது ஏறத்தாழ 15 இலட்சம். பின்வந்த ஆய்வாளர் சிலர் 30 இலட்சம் வரை கணக்கிட்டனர். எண்ணிக்கையிலே இன்னும் வழக்கு உண்டு. அந்த முகங்களிலே வழக்கில்லை! ஜானா 2012இல் மறைந்தார். அவர் எடுத்த படங்கள் சாட்சிக் கூண்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

தோழர்களே! "பஞ்சமில்லை, பற்றாக்குறைதான்" என்று எந்த ஆட்சி சொன்னாலும், அறிக்கையைப் படித்து அமைதி கொள்ளாதீர்கள். ஊருக்குச் செல்லுங்கள், உலை கொதிக்கிறதா என்று பாருங்கள், கண்டதைக் கொண்டுவந்து காட்டுங்கள்!