எஸ்டோனியாவுக்குத் தொழில் நிமித்தமாகப் போகிறவர்களுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அடிக்கடி வெளிநாடு போய் வர்றியே, அதைப்பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அன்புக் கட்டளை போட்டார். அமெரிக்கா, ஜெர்மனி பற்றிச் சொல்ல இந்த அரங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நான் வேலை விஷயமாகப் பலமுறை போய் வந்த ஒரு சின்ன நாட்டைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்டோனியா.

பால்டிக் கடலோரம், பின்லாந்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை சுமார் 13.7 லட்சம்தான். பாதி நாடு காடு. ஆனால் 2003-ல் ஸ்கைப் மென்பொருளை எழுதிய பொறியாளர்கள் தலைநகர் தாலினில் இருந்தவர்கள். மென்பொருள், மின்னணு, மரப்பொருள் என்று நம்ம ஊர் நிறுவனங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

முதலில் விசா. எஸ்டோனியா 2007 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது; 2011 முதல் நாணயம் யூரோ. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதத்தில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2014 டிசம்பரில் அவர்கள் 'இ-ரெசிடென்சி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகத்தில் எங்கிருந்தும் விண்ணப்பித்து, மின்னணு அடையாள அட்டை வாங்கி, அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்து நடத்தலாம். பெயரைக் கேட்டதும் நம்ம ஆளுங்க "குடியுரிமை மாதிரிதானே சார்?" என்கிறார்கள். இல்லவே இல்லை. அது விசாவும் ஆகாது, குடியிருப்பு உரிமையும் ஆகாது. அந்த அட்டையை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. "ஐரோப்பாவில் செட்டில் ஆகலாம்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், தம்பிகளே, எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து தாலினுக்கு நேரடி விமானம் கிடையாது. பிராங்க்பர்ட், ஹெல்சிங்கி போன்ற ஊர்களில் மாறினால், ஷெங்கன் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் புகைப்படமும் பதியும் முறை வந்திருக்கிறது. ஒரு மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். தாலின் விமான நிலையம் நகரத்துக்கு நாலைந்து கிலோமீட்டர்தான்; டிராமிலேயே போய்விடலாம். எங்கும் அட்டையில் பணம் கட்டலாம்; கைக்காசு கொஞ்சம் இருந்தால் போதும்.

எப்போது போவது? ஜூலையில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். ஜூன் 23, 24 இரண்டும் அரசு விடுமுறை. ஊரே காலியாகி கிராமப்புறம் போய்விடும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். ஜனவரியில் மைனஸ் 20 வரைகூட இறங்கலாம். ஆனால் கட்டடத்துக்குள் கதகதப்பாக இருக்கும். ஆகவே ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பாமல், கழற்றிப் போடுகிற மாதிரி அடுக்கடுக்காக உடுத்துங்கள். நடைபாதையில் பனி உறைந்து வழுக்கும். செருப்புக்கடையில் நல்ல பிடிப்புள்ள அடிப்பாகம் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, இருட்டில் நடந்து போகிறவர்கள் ஒளி பிரதிபலிக்கும் சின்ன வில்லை ஒன்றைக் கோட்டில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதன் பெயர் 'ஹெல்குர்'. கடைகளில் கிடைக்கும். மறக்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. கறுப்பு ரை ரொட்டியும் வெண்ணெயும் ருசியாக இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் 'வெரிவோர்ஸ்ட்' என்று பரிமாறுவார்கள். அது ரத்தம் கலந்த தொத்திறைச்சி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். யார் வீட்டுக்காவது கூப்பிட்டால், நம்ம ஊர் மாதிரியே காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், கூட்டத்தில் நடந்துகொள்வது.

பத்து மணி என்றால் பத்து மணி. கைகுலுக்கி, பேரைச் சொல்லி, நேரே விஷயத்துக்கு வருவார்கள். குடும்பம், கிரிக்கெட், சாப்பாடு என்று நாம் ஆரம்பிக்கும் பேச்செல்லாம் பிறகுதான். அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். நீங்கள் விலை சொன்னதும் எதிரே இருப்பவர் குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அது கோபமில்லை, யோசனை. நமக்குத்தான் அந்த அமைதி தாங்காது. "வேணும்னா அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கலாம் சார்" என்று நாமே உளறிவிடுகிறோம்! அவர் கேட்கவே இல்லை. பொறுத்திருங்கள்.

அதைவிட முக்கியம், 'ஆமாம்' என்ற வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு சிறுதொழில் நிறுவனத்துக்காரர் அங்கே ஒரு கூட்டத்தில் இருந்தார். "ஆறு வாரத்தில் மாதிரி தர முடியுமா?" என்று கேட்டார்கள். நாம் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "நோ பிராப்ளம், பண்ணிடலாம்." நம்மூரில் அதற்கு 'முயற்சி செய்கிறேன்' என்று அர்த்தம். அவர்கள் தேதி போட்டு எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஒரு நினைவூட்டல் கூட அனுப்பவில்லை. ஆறாவது வாரம் முடிந்த அன்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. பொருள் தயாராக இல்லை. அவர்கள் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. அடுத்த ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஆர்டரை நம்பி அவர் ஒரு இயந்திரத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். "எட்டு வாரம் ஆகும்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்பதே என் அனுபவம்.

கையெழுத்து விஷயமும் அப்படித்தான். அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்தே மின்னணுக் கையெழுத்தும் பேனாக் கையெழுத்தும் சமம். ஒப்பந்தத்தைக் கோப்பாகவே அனுப்பிவிடுவார்கள். நம்ம ஊர் மின்னணுக் கையெழுத்தை அவர்கள் மென்பொருள் அப்படியே ஏற்கும் என்று நினைக்காமல், எப்படிக் கையெழுத்திடுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர்களுடைய வணிகப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். கம்பெனியின் ஆண்டறிக்கை, யாருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். போகும் முன் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். உங்களைப் பற்றி அவர்கள் கட்டாயம் படித்திருப்பார்கள்.

வரலாற்றில் ஓரிடத்தில் கவனம் வேண்டும். 1918-ல் சுதந்திரம் அறிவித்த நாடு, 1940-ல் சோவியத் ஆக்கிரமிப்புக்கு ஆளானது. 1991-ல் சுதந்திரத்தை 'மீட்டோம்' என்பார்கள், 'பெற்றோம்' என்று சொல்ல மாட்டார்கள். "நீங்க முன்னாடி ரஷ்யாதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். லட்சக்கணக்கில் கூடிப் பாட்டுப் பாடியே விடுதலைக்குப் போராடியவர்கள். 1869-ல் தொடங்கிய அவர்களுடைய பாட்டுத் திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள். வாய் திறக்காத மனிதர்கூட அரைமணி நேரம் பேசுவார். அவர்கள் மொழியில் பதினாலு வேற்றுமை. நம் தமிழில் எட்டு என்றும், நாமும் சொல்லின் பின்னால்தான் உருபைச் சேர்க்கிறோம் என்றும் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 'தெரே' என்றால் வணக்கம். 'ஐத்தா' என்றால் நன்றி. இந்த இரண்டும் போதும்.

தம்பி தங்கைகளே, நம் கல்லூரியிலிருந்து இனிமேல் அங்கே போகிறவர் நீங்களாக இருக்கலாம். முடிந்ததை முடியும் என்றும், முடியாததை முடியாது என்றும் அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. இங்கே பிராஜெக்ட் தேதியைச் சாரிடம் சொல்லும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

குளிர் கோட்டு ஒன்று என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது. யாராவது முதல்முறை போவதாக இருந்தால் சங்கத்தின் மூலம் சொல்லி அனுப்புங்கள், தருகிறேன். திருப்பித் தர வேண்டிய தேதியை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள்!